ஏழாவது கிணற்றின் எண் ஆறு: நிரலாக்கத்தைக் கூடிக் கற்கும் முறைகள்

கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால் உயர்தர வகுப்பில் பைதன் என்ற நிரல்மொழியின் லிஸ்டை, அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலை, அறிமுகப்படுத்த இது நல்ல கணக்கு: ஏழு கிணற்று நீரின் வெப்பநிலையையும் ஒரு லிஸ்டில் போட்டுச் சராசரியைக் காண வேண்டும். பயிற்சிக்காக 38, 41, 36, 40, 39, 37, 42 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 273, சராசரி 39.

தனியே இருந்து எழுதும் பிள்ளை பெரும்பாலும் "ஒன்று தொடக்கம் ஏழு வரை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை, ரேஞ்ச்(1, 7) என்று தொடங்கும். ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்பதால் பைதன் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறு எண்களோடு நின்றுவிடும். லிஸ்டின் இடங்களோ சைபரில் இருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே முதற் கிணறு கணக்கில் சேராமலே போகும். கூட்டுத்தொகை 235 வரும், ஏழால் பிரித்தால் 33.57. வழுச்செய்தி எதுவும் தோன்றாது. திரையில் ஒரு விடை வந்துவிட்டது என்று பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

அதே கணக்கை இருவர் ஒரு கணினியின் முன்னால் இருந்து செய்யும்போது நடப்பது இப்படி இருக்கும்:

"மச்சான், எந்தக் கிணறும் முப்பத்தாறுக்குக் கீழ இல்லையே. சராசரி எப்பிடி முப்பத்திமூண்டு வரும்?"

"கூட்டினதில பிழையோ?"

"முதல் கிணறு முப்பத்தெட்டு. அதை எங்க எடுத்தனி?"

"ஒண்டில இருந்துதானே தொடங்கினனான்."

"அங்கதான் பிழை. அது சைபரில இருந்தெல்லோ எண்ணுது."

உடனே ரேஞ்ச்(1, 8) என்று மாற்றிப் பார்ப்பார்கள். இந்த முறை வழுச்செய்தி வரும்: லிஸ்டின் எல்லைக்கு வெளியே உள்ள இடத்தைக் கேட்கிறாய் என்று. ஏழாவது கிணற்றின் எண் ஆறு, ஏழு என்ற இடமே லிஸ்டில் இல்லை. மூன்றாவது முயற்சியில் ரேஞ்ச்(7), அதாவது சைபர் தொடக்கம் ஆறு வரை, என்று வந்து நிற்பார்கள். கரும்பலகையில் நான்கு தடவை எழுதிப்போட்டாலும் ஏறாத விடயம் ஐந்து நிமிடப் பேச்சில் ஏறியிருக்கும். நிரலாக்கத்தைக் கூடிக் கற்பிப்பது என்றால் இந்தப் பேச்சு நிச்சயமாக நடக்கும்படி வகுப்பை அமைப்பது. அதை எப்படி அமைப்பது, எங்கே பிசகும், ஏன் பிசகும் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

சேர்ந்து இருப்பதும் சேர்ந்து கற்பதும்

கணினி ஆய்வுகூடத்தில் ஓடுகிற கணினிகள் பத்து, பிள்ளைகள் முப்பத்தைந்து என்றால் ஒரு திரைக்கு மூன்று நான்கு பேர் இருப்பார்கள். பல பாடசாலைகளில் இதுவே "குழுவேலை" என்று பெயர் பெறுகிறது. மவுஸ் ஒருவரின் கையில் இருக்கும், அவர் ஏற்கெனவே வீட்டில் கணினி பழகியவராக இருப்பார். இரண்டாமவர் எட்டிப் பார்ப்பார். மற்ற இருவரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பாடவேளை முடியும்போது செய்நிரல் ஓடும், கற்றவர் ஒருவர்தான். அவருக்கும் அது முன்பே தெரிந்திருக்கும்.

கூடிக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜோன்சன், ரோஜர் ஜோன்சன் சகோதரர்கள் பல நிபந்தனைகளைச் சொன்னார்கள். நிரலாக்க வகுப்புக்கு அவற்றில் இரண்டைப் பிடித்தால் போதும். முதலாவது, ஒருவரை விட்டுவிட்டு மற்றவரால் வேலையை முடிக்க முடியாதபடி பணி அமைய வேண்டும். இரண்டாவது, முடிவில் ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டியிருக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை முழுவதையும் தானே செய்துவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் மற்றப் பிள்ளை அதைச் செய்ய விட்டுவிடும். கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்த இரண்டோடும் ஒட்டிப் பாருங்கள். ஒரு வகுப்பு ஏன் சரிவரவில்லை என்பதற்கு அனேகமாக இவற்றில் ஒன்று அறுந்திருப்பதே காரணமாக இருக்கும்.

இருவர் நிரலாக்கம்

ஒரு கணினி, ஒரு விசைப்பலகை, இரண்டு பேர். ஒருவர் சாரதி, மற்றவர் வழிகாட்டி. சாரதி தட்டெழுதுவார். வழிகாட்டி எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் வாசிப்பார், பிழை பிடிப்பார், அடுத்து என்ன என்று யோசிப்பார். குறித்த நேரத்தில் இருவரும் இடம் மாறுவார்கள். 1990களில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலைமுறையின் ஒரு பகுதியாக இது மென்பொருள் நிறுவனங்களில் பரவியது. மாணவர்களை வைத்து இதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் லோரி வில்லியம்ஸ். 1999இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் செய்த பரிசோதனையில், தனியாக எழுதியவர்களோடு ஒப்பிட்டால் இருவராக எழுதியவர்களுக்கு மொத்த மனிதநேரம் ஏறத்தாழ 15% மட்டுமே கூடியது. அவர்கள் எழுதிய செய்நிரல்களில் பிழைகளும் குறைவாக இருந்தன. "ரெண்டு பேரை ஒரு வேலைக்கு விட்டால் ரெண்டு மடங்கு நேரம் வீண்" என்று தயங்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இதை இப்படி நடத்தலாம். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் கணினியைத் தொடக்கூடாது. கணக்கை ஒவ்வொருவரும் தனியே வாசித்து, எதை உள்ளிடுவது, எது வெளிவர வேண்டும் என்று கொப்பியில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போனால் மெதுவாக யோசிக்கும் பிள்ளை தொடக்கத்திலேயே பின்தங்கிவிடும். அதற்குப் பிறகு வழிகாட்டியாக உட்காரும்போது அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

அடுத்து உட்காரும் விதம். திரை இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். விசைப்பலகையை மேசையில் நகர்த்தித்தான் இடம் மாற வேண்டும், கதிரையை விட்டு எழும்பக்கூடாது. இது சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் எழும்பி இடம் மாற வேண்டியிருந்தால் பிள்ளைகள் மாறமாட்டார்கள். "இதை முடிச்சிட்டு மாறுவம் சேர்" என்பார்கள், மணி அடித்துவிடும். ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் மேசையில் தட்டி மாறச் சொல்ல வேண்டும். வரி பாதியில் நின்றாலும் மாறத்தான் வேண்டும். பாதியில் நிற்கும் வரியை மற்றவர் தொடர வேண்டும் என்றால், அந்த வரி எதற்கு என்று முதலாமவர் சொல்லியே ஆகவேண்டும். இருபத்தெட்டு நிமிடத்தில் நான்கு முறை, ஆளுக்கு இரண்டு தடவை. மிகுதி ஏழு நிமிடத்தில் ஐந்து தனிக் கேள்விக்கு, இரண்டு கோப்பைச் சேமிக்க.

வழிகாட்டிக்குச் சட்டம் ஒன்று: விசைப்பலகையிலோ மவுஸிலோ கை வைக்கக்கூடாது. திரையை விரலால் காட்டலாம். சாரதிக்கும் ஒன்று: தட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். "இப்ப மொத்தத்தைச் சைபராக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வரியை அடிக்க வேண்டும். முதல் இரண்டு வகுப்பும் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். மூன்றாவதில் பழகிவிடும்.

இனி, பிசகும் இடங்கள்.

வழிகாட்டி எழுத்தெழுத்தாகச் சொல்ல, சாரதி தட்டெழுதுபவராக மட்டும் இருப்பது ஒன்று. "ஐ போடு, அடைப்புக்குறி, இல்லை மற்ற அடைப்புக்குறி, இப்ப கோலன்" என்று குரல் கேட்டால் அந்தச் சோடியில் இருவருக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது என்று விளங்கிக்கொள்ளலாம். வகுப்பின் முதல் பிள்ளையைக் கடைசிப் பிள்ளையோடு இருத்தினால் கடைசிப் பிள்ளை முன்னேறும் என்று நாம் நம்புகிறோம். நல்ல எண்ணம்தான். நடப்பதோ மாறாக இருக்கும். வேகமானவருக்குப் பொறுமை போய்விடும், மற்றவருக்கு வெட்கம் வந்துவிடும், இருவரும் வாய்மூடிவிடுவார்கள். வகுப்பை மனதுக்குள் மூன்று படியாகப் பிரித்து, ஒரே படியில் உள்ளவர்களையோ அடுத்தடுத்த படியில் உள்ளவர்களையோ சேர்ப்பதே நல்லது. இருவருக்கும் தெரியாத இடத்தில் ஆசிரியர் போய் நிற்கலாம். ஒருவர் மட்டும் பேசும் சோடியை ஆசிரியர் வந்தும் திருத்த முடியாது.

அதற்கு எதிரான கோளாறு மௌனம். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேச்சே இருக்காது. அந்தச் சோடியிடம் போய் "விளங்குதா?" என்று கேட்பதில் பயனில்லை, "ஓம் சேர்" என்றுதான் பதில் வரும். வழிகாட்டியிடம் "இந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் சாரதியிடம் விடை வாங்காமல், "ரெண்டு பேரும் கதைச்சு வையுங்கோ, மூன்று நிமிடத்தில் வாறன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி திரும்பியும் வரவேண்டும்.

பிள்ளைகள் ஒற்றை எண்ணாக வந்தால் ஒருவரைத் தனியே விடாமல் மூவர் குழு ஒன்று வைக்கலாம். மூன்றாமவர் சோதனைக்காரர். செய்நிரலுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டிய மதிப்புகளையும் அவற்றுக்கு வரவேண்டிய விடைகளையும் அவர் முன்கூட்டியே தாளில் கணித்து வைப்பார். கன்னியாக் கணக்கில் 39 என்று தாளில் இருந்திருந்தால் 33.57ஐ ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். சோடிகளை மூன்று கிழமைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அடிக்கடி மாற்றினால் பழக்கம் வராது, மாற்றாவிட்டால் ஒருவரில் மற்றவர் தங்கிவிடுவார். கோப்பை இருவருடைய பெயரிலும் சேமிக்க வையுங்கள். ஒருவருடைய பென் டிரைவில் மட்டும் இருக்கும் செய்நிரல், அவர் வராத நாளில் மற்றவரையும் வேலையற்றவராக்கிவிடும்.

இன்னொன்று. தொடக்கநிலைப் பிள்ளைகளைச் சோடியாக்கி வெறுந்திரையின் முன் இருத்தக்கூடாது. எதுவும் தெரியாத இருவர் சேர்ந்தால் குழப்பம்தான் இரட்டிக்கும். ஏழெட்டு வரியில் ஓடக்கூடிய ஒரு செய்நிரலைக் கொடுங்கள். ஓட்டிப் பார்க்குமுன் என்ன வரும் என்று இருவரும் ஊகித்து எழுதட்டும், பிறகு ஓட்டட்டும். ஊகம் தவறினால் ஏன் என்று தேடட்டும். அடுத்து ஒரு வரியை மாற்றிப் பார்த்து, கடைசியாகத்தான் தாங்களாக ஒன்றை எழுத வேண்டும். பிரித்தானியாவில் சூ சென்டன்ஸ் முன்னெடுத்த பிரிம் என்ற கற்பித்தல் ஒழுங்கு இதே வரிசையில்தான் போகிறது. இருவரின் ஊகமும் வேறுபட்டால் அந்தச் சோடிக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

வாக்களித்து, விவாதித்து, மறுபடி வாக்களிப்பது

இதற்குக் கணினியே வேண்டாம். கரண்ட் இல்லாத நாளிலும் நடத்தலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. கணினிப் பாடங்களுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் பெத் சைமன், லியோ போர்ட்டர் ஆகியோர் முதன்மையானவர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நான்கு கணினிப் பாடநெறிகளை ஆராய்ந்து 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையில் கற்பித்த வகுப்புகளில் சித்தியடையாதோர் வீதம் 20%இல் இருந்து 7%ஆகக் குறைந்திருந்தது.

கரும்பலகையில் நான்கு வரி எழுதுங்கள்: க = 5, ச = க, க = 8, பிறகு ச என்ன என்று அச்சிடு. தெரிவுகள்: ஒன்று 5, இரண்டு 8, மூன்று 13, நான்கு வழு. ஒரு நிமிடம் ஒருவரோடொருவர் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு ஆசிரியர் "காட்டுங்கோ" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் கையை உயர்த்தச் சொன்னால் முன்வரிசைக் கெட்டிக்காரரின் விரலைப் பார்த்துத்தான் பின்வரிசை விரல்கள் எழும். அது வாக்கெடுப்பு ஆகாது.

இந்தக் கேள்விக்குக் கணிசமானோர் இரண்டு விரல் காட்டுவார்கள். கணிதப் பாடத்தில் ச = க என்று எழுதினால் இரண்டும் எப்போதும் சமம். க மாறினால் ச மாறத்தான் வேண்டும். பிள்ளையின் தர்க்கத்தில் பிழையில்லை. சமன் குறிக்கு நிரலாக்கத்தில் வேறு வேலை என்பதுதான் தெரியவில்லை. வலப்பக்க மதிப்பை அந்த நொடியில் எடுத்து இடப்பக்கப் பெயருக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. விடை 5.

இப்போது விடையைச் சொல்லிவிடக்கூடாது, இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "உங்களோட ஒத்துப்போகாத ஒருவரைத் தேடி, ரெண்டு நிமிடத்தில் அவரை மாற்றப் பாருங்கோ" என்று விடுங்கள். பிறகு மறுபடியும் விரல் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விளக்கம். நேற்றுத்தான் இந்தச் சமன் குறியில் தடுக்கி எழும்பிய பிள்ளைக்கு, எந்த இடத்தில் கால் தடுக்கும் என்று இன்றும் நினைவிருக்கும். இருபது வருடம் கற்பித்தவருக்கு அந்த இடம் மறந்துபோயிருக்கும். சக பிள்ளையின் விளக்கம் சில வேளை ஆசிரியரின் விளக்கத்தை விட நன்றாக ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

கேள்வியைத் தெரிவுசெய்வதுதான் கடினமான பகுதி. முதல் வாக்கில் 30% முதல் 70% வரை சரியாக வந்தால் விவாதம் பலன் தரும். அதற்குக் குறைவென்றால் பிழையான கருத்தே பிழையான கருத்தை உறுதிப்படுத்தும், திரும்பக் கற்பித்துவிட்டுக் கேளுங்கள். அதற்கு மிகவும் கூடவென்றால் விவாதம் வேண்டாம், ஒரு வரியில் விளக்கிவிட்டுக் கடந்துவிடுங்கள். "மாறி என்றால் என்ன?" போன்ற மனப்பாடக் கேள்விகள் இதற்கு உதவாது. ஒவ்வொரு பிழையான தெரிவுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் உண்மையான தவறான எண்ணம் இருக்க வேண்டும். அத்தகைய எண்ணங்களுக்கு நல்ல சுரங்கம் பழைய தவணைப் பரீட்சைத் தாள்கள்தான்.

தாள் துண்டுகளில் ஒரு செய்நிரல்

ஓடும் செய்நிரல் ஒன்றை வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, சரியான ஒழுங்கில் அடுக்கச் சொல்வது பார்சன்ஸ் கணக்கு எனப்படும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பொலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பற்றீசியா ஹேடன் இருவரும் 2006இல் வெளியிட்டது. மூவர் குழுவுக்கு மிகப் பொருத்தமானது, செலவு ஒரு தாளும் கத்தரிக்கோலும்.

மீன்சந்தை விலைகளை எடுத்துக்கொள்வோம். பாரை 950, சுறா 1400, சாளை 620, கும்பளா 1100. பாடத்துக்கு வைத்த விலைதான். இவற்றில் மிகக் குறைந்ததைக் காணும் செய்நிரலுக்கு ஆறு துண்டுகள் வேண்டும்: விலைகளின் லிஸ்ட், குறைந்தது = லிஸ்டின் முதல் விலை, லிஸ்டில் உள்ள ஒவ்வொரு விலைக்கும் என்ற லூப் வரி, விலை குறைந்ததை விடச் சிறிதெனில் என்ற நிபந்தனை வரி, குறைந்தது = விலை, குறைந்ததை அச்சிடு. இவற்றோடு இரண்டு பொய்த்துண்டுகளைக் கலந்துவிடுங்கள். ஒன்று "குறைந்தது = 0", மற்றது நிபந்தனையில் சிறிதுக்குப் பதில் பெரிது. துண்டுகளில் உண்மையான பைதன் வரிகளையே எழுத வேண்டும், இங்கே சொன்னபடி தமிழில் அல்ல.

"குறைந்தது = 0" என்ற துண்டில் பல குழுக்கள் விழும். கூட்டுத்தொகை காணும்போது சைபரில் இருந்து தொடங்கிப் பழகிய கை அது. எந்த மீனும் சைபரை விட மலிவாக இருக்காது, ஆகவே விடை எப்போதும் 0. "அப்ப மீன் சும்மா குடுக்கிறாங்களா?" என்று குழுவில் ஒருவர் கேட்டுவிட்டால் ஆசிரியருக்கு அங்கே வேலையில்லை.

பைதனில் வரி உள்ளே தள்ளி வருவதும் பொருள் கொண்டது என்பதால், துண்டுகளை வெறும் மேசையில் அடுக்கவிடாதீர்கள். பெரிய தாளில் நிலைக்குத்தாக மூன்று கோடு இட்டு, எந்தக் கோட்டில் துண்டு தொடங்குகிறது என்று கவனிக்கச் செய்யுங்கள். அச்சிடும் வரியை லூப்புக்குள் தள்ளி வைத்த குழுவுக்கு ஒரு விடைக்குப் பதில் நான்கு விடை வரும்: 950, 950, 620, 620. அதைத் தாளிலேயே ஒவ்வொரு சுற்றாக நடந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆளுக்கு இரண்டு உண்மைத் துண்டைப் பங்கிட்டு, தன் துண்டைத் தானே வைக்க வேண்டும், மற்றவர் தொடக்கூடாது என்ற விதியைப் போட்டால் மூவரும் பேசியே ஆகவேண்டியிருக்கும். பொய்த்துண்டு இரண்டும் நடுவில் கிடக்கட்டும். எட்டுத் துண்டுக்குப் பத்து நிமிடம் போதும். பன்னிரண்டு துண்டுக்கு மேல் கொடுத்தால் தொடக்க வகுப்பு களைத்துவிடும். துண்டுகளைப் பழைய கடித உறையில் போட்டு, மேலே எண்ணிக்கையை எழுதி வையுங்கள். ஒரு துண்டு தொலைந்தாலும் அடுத்த வகுப்பு அரைமணி நேரம் தலையைப் பிய்க்கும்.

ஜிக்சோ, ஒரு எச்சரிக்கையோடு

எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் வகுத்த முறை இது. வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, பகை மூண்டிருந்த பாடசாலைகளுக்காகச் செய்யப்பட்டது. மூன்று சமூகமும் கலந்து வாழும் நம் மாவட்டத்தில் இந்தப் பின்னணியை அறிந்திருப்பது நல்லது. பாடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு குழு ஆழப் படிக்கும். பிறகு குழுக்களைக் கலைத்து, நான்கு பகுதிக்கும் ஒவ்வொருவர் இருக்கும்படி புதுக் குழு அமைத்து, ஒருவருக்கொருவர் கற்பிப்பார்கள்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பாடங்களுக்கு இது பொருந்தாது. நிபந்தனை ஒரு குழுவுக்கு, லூப் ஒரு குழுவுக்கு, ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதிய நிரல் துண்டு) ஒரு குழுவுக்கு என்று பிரித்தால், ஃபங்ஷன் குழு முதல் இரண்டும் தெரியாமல் திண்டாடும். நான்கு ஃபங்ஷன் கொண்ட, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு செய்நிரலை ஆளுக்கொன்றாக வாசித்து விளக்குவதற்கு நன்றாகப் பொருந்தும்.

குழுத் திட்டம்: முதலில் பெயர்களில் உடன்படுங்கள்

கிழமைக்கணக்கில் ஓடும் குழுத் திட்டத்துக்கு மூவர் போதும். ஐவர் சேர்ந்தால் இருவர் நிச்சயம் சும்மா இருப்பார்கள். வகுப்பு நூலகத்துக்கு ஒரு செய்நிரல் என்று வைத்தால், ஒருவர் புத்தகத்தைச் சேர்க்கும் ஃபங்ஷனையும், மற்றவர் இரவல் கொடுக்கும் ஃபங்ஷனையும், மூன்றாமவர் தாமதக் குற்றப்பணத்தைக் கணிக்கும் ஃபங்ஷனையும் எழுதலாம்.

கடைசி நாளில் மூன்றையும் ஒட்டும்போதுதான் ஓலம் கேட்கும். குற்றப்பண ஃபங்ஷனை எழுதியவர் தொகையைத் திரையில் அச்சிட்டிருப்பார். அவர் தனியாக ஓட்டிப் பார்த்தபோது 50 என்று அழகாக வந்தது. இன்னொருவர் அந்த ஃபங்ஷனை அழைத்து, வரும் தொகையைப் பழைய நிலுவையோடு கூட்டப் பார்ப்பார். அச்சிட்டது திரைக்குத்தான் போனது. ஃபங்ஷன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, பைதனும் "வெறுமையை எண்ணோடு கூட்ட முடியாது" என்ற பொருளில் வழு காட்டி நின்றுவிடும். அச்சிடுவதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தனி வேலையில் கண்ணுக்குத் தெரியாது. சேர்ந்து வேலை செய்யும்போதுதான் வெளியே வரும்.

ஆகவே கணினியைத் திறக்குமுன் ஒரு தாளில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பெயர், உள்ளே போவது என்ன, எந்த ஒழுங்கில், திரும்பி வருவது என்ன என்று எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் அந்தத் தாள் தீர்மானிக்கட்டும். ஒட்டும் வேலையைக் கடைசி நாளுக்கு விடாமல், இரண்டாவது வகுப்பிலேயே வெறும் ஃபங்ஷன்களை, எல்லாமே சைபரைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி, ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ கணினி விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைகள் பின்னர், பலர் எழுதும் கோப்புகளின் பதிப்புகளைக் காத்து ஒட்டும் கிட் என்ற கருவியில் இதையே செய்வார்கள். பாடசாலையில் திகதியிட்ட கோப்புப் பெயர் போதும். "கடைசி", "கடைசி2", "உண்மையான கடைசி" என்று பெயர் வைப்பதைத் தடுத்தாலே பாதிச் சண்டை தீரும்.

பாடசாலை விட்ட பிறகு கூடிச் செய்யும்படி வேலை கொடுக்காதீர்கள். மூதூரில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்கு முன் போக வேண்டும். பெண்பிள்ளைகளை வீட்டார் மாலையில் விடமாட்டார்கள். ரியூசன் வேறு. வீட்டுக்குக் கொடுத்தால் உவர்மலையில் வீடும் மடிக்கணினியும் உள்ள ஒருவரே முழுத் திட்டத்தையும் செய்து முடித்துவிடுவார். கூட்டு வேலை வகுப்பு நேரத்துக்குள், தனி வேலை வீட்டில் என்று பிரித்துக்கொள்வது நியாயமானது.

பேசும் மொழியும் வழுச்செய்தியும்

தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு வழுச்செய்தி இரட்டைச் சுவர். ஆங்கிலமும் புரியவேண்டும், பிழையும் புரியவேண்டும். தனியே இருக்கும் பிள்ளை சிவப்பு எழுத்தைக் கண்டதும் ஆசிரியரைக் கூப்பிடும், அல்லது முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதும். சோடிகளுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்: செய்தியின் கடைசி வரியை வழிகாட்டி வாய்விட்டு வாசித்து, தமிழில் சொல்ல வேண்டும். பிறகு அந்தச் செய்தியில் அதற்கு மேலே உள்ள வரி எண்ணைத் தேடிப் போகவேண்டும். அந்த வரியில் பிழை தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும். மூடாத அடைப்புக்குறி ஒன்று சில வேளை அங்கே ஒளிந்திருக்கும். அடிக்கடி வரும் ஐந்தாறு வழுச்செய்திகளுக்குப் பிள்ளைகளே எழுதிய தமிழ் விளக்கத்தை ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுங்கள்.

புள்ளி யாருக்கு?

சோடியாக எழுதிய செய்நிரலுக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் மற்றவர் உழைப்பில் சவாரி செய்பவர்கள் பெருகுவார்கள். தனிப் பரீட்சைக்கு மட்டும் கொடுத்தால் சேர்ந்து செய்வதை ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள். நமது பரிந்துரை, கூட்டு வேலைக்கு நாற்பது, அதே செய்நிரலைப் பற்றிய தனிக் கேள்விக்கு அறுபது. தனிக் கேள்வி நீளமாக இருக்கத் தேவையில்லை. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில், கணினியை விட்டுத் திரும்பி இருந்து, அரைத்தாளில் ஒரு விடை எழுதினால் போதும்.

கன்னியாக் கணக்கு செய்த நாளில் கேட்கலாம்: "எட்டாவதாக ஒரு கிணறு கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வெப்பநிலையையும் லிஸ்டில் சேர்த்தாயிற்று. அதைத் தவிர உங்கள் செய்நிரலில் எந்தெந்த வரியை மாற்ற வேண்டும்?" ரேஞ்ச்(7) என்று எழுதிய சோடிக்கு இரண்டு இடம் மாற்ற வேண்டும், லூப் வரியும் ஏழால் பிரிக்கும் வரியும். ஒன்றை மட்டும் எழுதிய பிள்ளை, லூப்பைப் பார்த்தது, பிரிப்பதைப் பார்க்கவில்லை. எங்கேயாவது ஒரு துண்டில் "ஒரு வரியும் மாற்றத் தேவையில்லை, நான் லிஸ்டின் நீளத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன்" என்று இருக்கும். அந்தத் துண்டை எடுத்து வையுங்கள். நாளைய பாடத்தை, அந்தப் பிள்ளை தன் சோடிக்கு அதை விளக்குவதில் இருந்து தொடங்கலாம்.